குதிரைவாலிக்குள் கிடந்த கல்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம். திருச்சுழியைத் தாண்டி நான் வேலை பார்க்கும் கிராமத்துக்குப் போகிற ரோட்டில், காலை எட்டு மணி வாக்கில் நடந்தது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு அருப்புக்கோட்டையில். நெசவுக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் மாட்டித்தான் நடப்பேன். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. பரிதாபப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. விஷயம் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனேன். பஸ் படிக்கட்டின் உயரம் என்ன என்று என்னிடம் கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் ஊன்றி, மற்றக் காலைக் கையால் தூக்கி வைத்து ஏறுவதற்குள் கண்டக்டர் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "டீச்சர் ஏறுறாக, கால் முடியாதவுக, யாராச்சும் எந்திரிங்கப்பா." நல்ல மனிதர். ஆனால் தினமும் காலையில் ஒரு பஸ் ஜனமே என் காலைத் திரும்பிப் பார்க்கும். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அது டவுனுக்குள் சுற்றத்தான் சரி. எங்கள் பக்கத்துக் காற்றில் அத்தனை தூரம் அதில் போக முடியாது.

அப்போதுதான் மின்சாரக் கார் வந்தது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, இடது காலுக்கு வேலையே இல்லை. எனக்காகவே யாரோ யோசித்துச் செய்தது போல இருந்தது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். விசைத்தறி வைத்திருக்கும் என் தம்பி, "இந்த வயசுல எதுக்குக்கா ஒனக்கு இந்த வேல" என்று கேட்டான். நாற்பத்தெட்டு வயதில் வேறு எந்த வயதுக்காகக் காத்திருப்பது என்று கேட்டேன். வாங்கினேன். அவனே உட்கார்ந்து ஓட்டவும் சொல்லிக்கொடுத்தான். முதல் முறை தனியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று, கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாருக்கும் கேட்காதபடி சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்தக் கார் போனால் எனக்கு மறுபடி பஸ் படிக்கட்டுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்ததெல்லாம் தை, மாசியில் அறுப்புக்கு வரும். குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டிச் சக்கரமே மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். பரப்பின கதிர் நகராமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் நிற்காமல் அதன் மேல் ஏறிப் போகும். ஒதுங்கிப் போகிற வண்டியைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பெட்ரோல் கார்க்காரர்களுக்கு மட்டும் ஒரு பயம் உண்டு. கதிரின் காய்ந்த தாள், வைக்கோல் மாதிரி, வண்டிக்கு அடியில் போய்ச் சிக்கி, சைலன்சர் சூட்டில் தீப்பிடித்துவிடும்.

என் காரில் சைலன்சரே கிடையாது. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கதிர் பரப்பியிருந்தால் ஒரு தடவை ஓட்டுவதோடு விடமாட்டேன். பின்னால் எடுத்து மறுபடி ஓட்டுவேன். பெண்கள் கையைக் காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு ஓசி டிராக்டர் டீச்சர் என்று பேர்கூட வைத்திருந்தார்கள். ஊரே என்னைத் தாங்கினது போக, நான் ஊருக்கு உபகாரம் செய்கிறேன் என்கிற மிதப்பு அது.

அன்றைக்கும் குதிரைவாலி. ரோட்டில் பாதி அகலத்துக்கு, நல்ல கனமாகப் பரப்பியிருந்தார்கள். நாலு பெண்கள் நீளக் கம்பால் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை ஓட்டினேன். ஓரத்தில் ஒரு பட்டை மிதிபடாமல் கிடந்தது கண்ணை உறுத்தியது. கணக்கு டீச்சர் புத்தி, எதையும் மிச்சம் வைக்காது. மூன்றாவது தடவை காரை ஓரமாக ஒடித்து ஏற்றினேன்.

டங் என்று ஒரு சத்தம். காதில் விழுந்ததைவிட, உட்கார்ந்திருந்த சீட் வழியாக முதுகெலும்பில் ஏறியதுதான் அதிகம்.

ஓரத்தில் வைத்திருந்த கல் வரிசையின் மேல், புரட்டும்போது கதிர் சரிந்து மூடியிருக்கிறது. அதில் தேங்காய் அளவு கருங்கல் ஒன்று. பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடிப்பக்கம் உயரம், அதற்கு அது ஒன்றுமே இல்லை. என் காருக்கு அடியில், கட்டில் அகலத்துக்குத் தட்டையாகப் படுத்திருப்பது பேட்டரி. காரின் உயிரே அதுதான்.

நிறுத்தி இறங்கினேன். குனிந்து பார்க்க என் கால் விடாது. அந்தக் கதிருக்குச் சொந்தக்கார அம்மா கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். "என்ன டீச்சர், கல்லு தட்டிருச்சா" என்று கேட்டார்.

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "கண்ண எங்க வச்சிருந்தீங்க? இது ரோடா, கதிரு காயப்போட ஒங்க வீட்டு முத்தமா?" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "ஓட்டச் சொல்லி நாங்க கேக்கலையே டீச்சர். நீங்களாத்தான வந்து ஓட்டுனீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ரோட்டில் விரித்து, மல்லாக்கப் படுத்து, என் போனை வாங்கி வெளிச்சம் போட்டுக் காருக்கு அடியில் தலையை விட்டார்.

"தட்டு நசுங்கியிருக்கு. உள்ளங்கை அகலத்துக்குக் குழி. தண்ணி கிண்ணி ஒண்ணும் ஒழுகல." அடியில் இருந்தே வர்ணனை வந்தது. நான் சொல்லச் சொல்ல நாலைந்து போட்டோவும் எடுத்தார்.

காருக்குள் எந்தச் சிவப்பு விளக்கும் எரியவில்லை. முதல் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது, பேசாமல் ஓட்டிப் போய்விடலாமா என்று நினைத்தேன். எதற்கும் மதுரையில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பொறியாளர் பட படவென்று கேட்டார். புகை வருகிறதா, இனிப்பு வாடை ஏதும் அடிக்கிறதா, உஸ் என்று சத்தம் கேட்கிறதா. எதுவும் இல்லை என்றேன். அப்படியானாலும் ஓட்டக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது, ஏற்றிக்கொண்டு வர வண்டி அனுப்புகிறேன் என்றார். அடிபட்ட பேட்டரி சில சமயம் உடனே காட்டாதாம், நேரம் கழித்துச் சூடேறித் தீப்பிடிக்குமாம். "காரை விட்டுத் தள்ளி நில்லுங்க மேடம். பக்கத்துல எரியுற பொருள் எதுவும் இருந்தா அப்புறப்படுத்திருங்க" என்றார்.

நான் கீழே பார்த்தேன். என் கார் நின்றுகொண்டிருந்ததே காய்ந்த குதிரைவாலித் தாள் மேல்தான். முன்னால் இருபது அடி, பின்னால் நாற்பது அடி, வெயிலில் முறுகிக் கிடக்கிறது.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அந்த அம்மா திரும்பி, "ஏத்தா, எல்லாரும் வாங்கடி, கதிர வாரி அந்தப் பக்கம் போடுங்க" என்று குரல் கொடுத்தார். நாலு பேரும் விழுந்து விழுந்து வாரினார்கள். காற்று வேறு. பாதி உதிர்ந்த மணி ரோட்டோரப் புழுதியிலும் கரிசல் மண்ணிலும் போய் விழுந்தது. மண்ணில் கலந்த குதிரைவாலியைப் பிரித்து எடுப்பது லேசு இல்லை, அது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காருக்கு அடியில் இருந்த தாளை மட்டும் அந்த அம்மா நீளக் கம்பால் தானே இழுத்தார். மற்றவர்களைக் கிட்ட விடவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்ட அதே அம்மாதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போனில் லீவு சொன்னேன். மதியம் வரை கார் வெறும் தார் ரோட்டில் தனியாக நின்றது. நாங்கள் ஐந்து பேரும் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். புகை வரவில்லை. ஏற்றிப் போகிற வண்டி வந்து, காரைத் தூக்கி வைத்துக் காரியாபட்டி வழியாக மதுரைக்குக் கொண்டு போனது. எனக்கு அந்த அம்மாவிடம் நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பழைய பஸ். பழைய கண்டக்டர். "டீச்சர் ஏறுறாக, கால் முடியாதவுக." ஒன்றுமே மாறவில்லை.

பேட்டரிப் பெட்டியில் விரிசல் இருந்தால் முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றும், கல் தட்டினதற்கு வாரண்டி கிடையாது என்றும், விலை கிட்டத்தட்ட காரில் பாதி என்றும் சொல்லியிருந்தார்கள். அப்படி ஆனால் காரை மறந்துவிட வேண்டியதுதான். சோதனை முடிய நாலைந்து நாள் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது பூட்ஸ் பட்டை படியில் மாட்டிக் கீழே விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வலித்ததற்காக அழவில்லை. ஒன்றரை வருடம் நன்றாக இருந்துவிட்டேனே, இனிமேல் எப்படி இதற்குப் பழகுவது என்று அழுதேன். தம்பி கதவுக்கு வெளியே நின்று, "விடுக்கா, பாத்துக்கிடலாம்" என்றான்.

ஐந்தாம் நாள் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வகுப்பில் போன் எடுத்தால் நான்தான் முதலில் திட்டுவேன். எடுத்தேன். "பெட்டி நசுங்கத்தான் செஞ்சிருக்கு மேடம், விரிசல் இல்ல. காத்தடிச்சு சோதிச்சுப் பாத்தாச்சு, கசிவும் இல்ல. உள்ள பேட்டரி பத்திரமா இருக்கு. அடித்தட்ட மட்டும் மாத்திக் குடுத்திருவோம்." கையில் சாக்பீஸோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்து எழுந்து நின்றார்கள். "என் காருக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். முப்பத்தைந்து பிள்ளைகளும் கைதட்டின சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

கார் வந்த அன்று வீட்டில் இன்னொரு கூத்து. சர்வீஸ் ஆட்கள் பள்ளிக்கூடத்திலேயே கொண்டுவந்து விட்ட காரை நான் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், தம்பி வாசலில் ஒரு பட்டறைக்காரரோடு நிற்கிறான். டிராக்டர் டிரெய்லர் கட்டுகிறவர். சுவரில் ஒரு கனத்த இரும்புத் தகடு சாய்த்து வைத்திருக்கிறது. வெல்டிங் மெஷினுக்கு வயர்கூட இழுத்தாகிவிட்டது. "அடியில இத வச்சுப் பத்த வச்சிருவோம்க்கா, பாறையே வந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றான். நான் காரை விட்டு இறங்கவே இல்லை. "நெருப்புப் பொறி ஒண்ணு அந்தப் பெட்டியில பட்டா காரும் மிஞ்சாது, நம்ம வீடும் மிஞ்சாது. மொதல்ல வயரச் சுருட்டுங்க" என்றேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், வயரைச் சுருட்டினார். தகடு இன்றைக்கும் எங்கள் தறிக்கூடத்தில் தண்ணீர்க் குடம் வைக்கிற மேடையாக இருக்கிறது.

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கம்பெனி துளையிலேயே போல்ட் போட்டு மாட்டுகிற அலுமினியத் தட்டு ஒன்று உண்டு, சரளைக்கும் சின்னக் கல்லுக்கும் அது தாங்கும், மாட்டித் தருகிறோம் என்றார்கள். மாட்டினார்கள். தேங்காய் அளவு கல்லுக்கு? பொறியாளர் சிரித்தார். "அதுக்கு ஒரே வழி, கல்லு மேல ஏத்தாம இருக்கிறதுதான் மேடம்."

நான் போகிற ஊருக்கு வேறு ரோடு கிடையாது. மாசி முடிகிற வரை அந்த ரோட்டில் கல் இல்லாத நாளும் கிடையாது. ஆகவே கல்லை எடுக்கச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினேன். சார்ட் பேப்பரில் காரின் அடிப்பக்கத்தை வரைந்து, பேட்டரியைச் சிவப்பில் காட்டி, அரை மணி நேரம் விளக்கினேன். நல்ல பாடம், நானே சொல்கிறேன். ஒருத்தர் கொட்டாவி விட்டார். இன்னொருத்தர் கேட்டார்: "ஒங்க ஒரு காருக்காக ஊரே கல்ல எடுக்கணுமாக்கும்?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அடுத்து ஒருத்தர் சொன்னார்: "கல்லு கதிருக்கு மட்டுமா வைக்கிறோம்? நாங்க ரோட்டுல குனிஞ்சு நின்னு கதிரு பொரட்டுறோம். கல்லு இருந்தாத்தான் வாரவன் பாத்து வருவான். எடுத்துட்டா எங்க முதுகுலதான ஏத்துவான்."

என் காரின் வயிற்றைப் பற்றியே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர்களுக்கும் முதுகு இருக்கிறது என்பது அதுவரை என் கணக்கில் வரவே இல்லை. சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குதிரைவாலிக்கார அம்மாவின் வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். அன்றைக்குப் பேசினதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றேன்.

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்" என்றார் அவர். "கோவத்துல கத்துனீங்க, அது பரவாயில்ல. ஒங்க வீட்டு முத்தமான்னு கேட்டீங்கள்ல. எங்களுக்கு முத்தம் இருந்தா நாங்க ஏன் ரோட்டுக்கு வாரோம்?"

சுற்றிப் பார்த்தேன். முற்றம் என்று ஒன்று கிடையாது, வாசற்படியில் இருந்து இரண்டு எட்டு வைத்தால் தெரு. ஊருக்குக் களம் ஒன்றே ஒன்று, அதிலும் பாதி வெடித்துக் கிடக்கிறது. இருபது வருடமாக அந்த ஊரில் வேலை பார்க்கிறேன், எனக்கு இது தெரியவில்லை. "நான் பேசுனது தப்புத்தான்" என்றேன். எனக்கு லேசில் வருகிற வார்த்தை இல்லை அது. அவர் உள்ளே போய்க் காப்பித் தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் உருப்படியாகப் பேச ஆரம்பித்தோம்.

கல் எதற்கெல்லாம் வேண்டும் என்று நான் கேட்க அவர் சொன்னார். தூரத்தில் இருந்து கண்ணில் பட வேண்டும். கதிரைச் சரியவிடாமல் பிடிக்க வேண்டும். காற்றில் நகராத கனம் வேண்டும். அவருக்கும் கல் மேல் ஆசை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முந்தின வருடம், அள்ளாமல் விட்ட ஒரு கல்லில் ஏறி அவருடைய கொழுந்தனார் பைக்கோடு விழுந்து காறை எலும்பு முறிந்திருக்கிறது. "கனமும் இருக்கணும், பட்டா வலிக்கவும் கூடாது. அப்பிடி ஒண்ணு எங்க இருக்கு" என்றார்.

மண் நிரப்பின உரச்சாக்கு என்றேன். வெயிலில் நார் நாராக உதிர்ந்து தானியத்தில் கலந்துவிடும் என்று உடனே அடித்துவிட்டார். துணியில் தைத்தால்? தம்பியின் தறிக்கூடத்தில் பழுது விழுந்த பருத்தித் துணி மூலையில் கிடக்கிறது, அதுவும் நல்ல சிவப்பு. அவருக்குக் கண் விரிந்தது.

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் இருந்தது. தலையணை உறை போல, ஆனால் குறுகலாக, நீளமாக முப்பது பை தைத்தோம். கைக்குப் பக்கத்தில் கிடைத்த கரிசல் மண்ணை நிரப்பினோம். மூன்றாம் நாள் தூறல் போட்டது, அடுத்த இரண்டு நாள் வெயில் அடித்தது. போய்ப் பார்த்தால் முப்பது பையும் முப்பது செங்கல். எடுத்துக் காலில் போட்டால் நல்ல காலும் போய்விடும். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு, கரிசல் நனைந்து காய்ந்தால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை பாருங்கள். அந்த அம்மா ஒன்றைத் தூக்கி மற்றொன்றோடு தட்டினார். டக் டக் என்றது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எல்லாவற்றையும் பிரித்து, ஓடை மணலைச் சலித்து மறுபடி நிரப்பினோம். மணல் நனைந்தாலும் இறுகாது, அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். உயரத்தை மட்டும் நான் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்து மர ஸ்கேலைப் பிடித்து அந்த அம்மா கார் அடியில் அளக்க, நான் எழுதிக்கொண்டேன். வெறும் கார் என்றால் பதினாறு சென்டிமீட்டர். அஞ்சு பேர் ஏறி அமுங்கினால் பதின்மூன்றரை. ஒரு பையின் உயரம் ஆறு. தாராளம் என்றேன்.

மாசி இரண்டாம் ஞாயிறு காலை, கடைசிக் குதிரைவாலியை ரோட்டில் பரப்பினார்கள். ஊரே வந்துவிட்டது. தம்பியும் வந்து, பெற்ற பிள்ளையை ஆபரேஷனுக்கு அனுப்புகிறவன் போல நின்றான். கதிருக்கு அடியில் ஒரு பையை வைத்து, மேலே கதிரை மூடினோம். அந்த அம்மா யோசித்துவிட்டு, "ஒண்ணு பத்தாது, ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு வைங்கடி" என்றார். "பொரட்டையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறத்தான டீச்சர் செய்யும். அன்னைக்கி மட்டும் கல்லு சொல்லிட்டா நின்னுச்சு?"

இரண்டு பை பன்னிரண்டு. மிச்சம் ஒன்றரை சென்டிமீட்டர். அதுவும் ரோடு சமமாக இருந்தால்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அடிபட்டுத் தப்பின பேட்டரி, இன்னொரு தடவை தாங்குமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி, சோதனை என்றால் அதுதான் சோதனை. பின் சீட்டில் மூன்று பெண்கள் ஏறினார்கள். அந்த அம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று கேட்டு மாட்டிக்கொண்டார். மூடின கதிருக்கு நேராகக் காரை விட்டேன்.

நொறுநொறு என்று தாள் மிதிபடுகிற சத்தம். கதிர் முடிந்தது. வெறும் தார் வந்தது. நின்றேன்.

அந்த அம்மா பெல்ட்டைக் கழற்றி இறங்கி, துண்டை விரித்து, அடியில் தலையை விட்டார். நான் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்து தலைமுடியில் ஒட்டின குதிரைவாலியைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு கீறல் இல்ல."

போட்ட கூச்சலில் வேலியில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. நான் ஹாரனை அமுக்கினவள் கையை எடுக்கவே இல்லை. திருச்சுழிக்குப் போகிற பஸ் பின்னால் வந்து நின்றது. என்னவோ ஏதோ என்று டிரைவர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவரும் ஏறிப் போய் ஒரு நீள ஹாரன் அடித்தார். கண்டக்டர் என் பழைய கண்டக்டர்தான். அவர் ஜன்னலில் தலையை நீட்டிப் பயணிகளிடம், "நம்ம டீச்சர் பண்ணுன வேலை, பாருங்கப்பா" என்றார். பஸ் ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு அது கசக்கவில்லை. தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கேட்டான்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு, "இப்ப ஓட்டுங்க டீச்சர், எத்தன தடவ வேணும்னாலும் ஓட்டுங்க" என்றார். அந்தக் குதிரைவாலி முழுவதையும் நானே ஓட்டி உதிர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த இரண்டு அறுப்பிலும் அந்த ரோட்டில் கல் இல்லை, சிவப்புப் பைகள்தான். பக்கத்து ஊர்க்காரர்களும் துணி கேட்டு வாங்கிப் போனார்கள். பைக்கில் யாரும் விழவில்லை. அறுப்பு முடிந்ததும் பைகளை எண்ணி எடுத்து வைக்கும் பொறுப்பு அந்த அம்மாவுடையது. ஒன்று குறைந்தால் ஊரையே ஒரு வழி பண்ணிவிடுவார்.

இப்போது அந்த ரோட்டில் கதிர் பரப்பியிருப்பதைக் கண்டால் முதலில் குனிந்து நிற்கிற ஆட்களைத் தேடுகிறது என் கண். அவர்கள் பத்திரமாக இருக்கிற ரோட்டில்தான் என் வண்டிக்கும் பத்திரம் என்பதை ஐம்பதை நெருங்குகிற வயதில், அதுவும் குட்டு வாங்கித்தான் படித்தேன் என்று சொல்லிக்கொள்வதில் இந்தக் கணக்கு டீச்சருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.